லாலா வாய் திறக்காத வசந்த பஞ்சமி

எங்கள் ஃபரூக்காபாதில் கவிஞர்களுக்குப் பஞ்சமே கிடையாது. தெருவில் தடுக்கி விழுந்தால் ஒரு கவிஞன் மடியில்தான் விழ வேண்டும். தபால்காரர் கவிஞர். பல் பிடுங்குகிறவர் கவிஞர். உருளைக்கிழங்கு மண்டியில் தராசு பிடிக்கிறவருக்குக்கூட ஒரு புனைபெயர் உண்டு. இன்டர் காலேஜில் ஓவிய வாத்தியாராக இருந்த நானும் கவிஞன்தான். அதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் ஊரில் கவிதையைக் கேட்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். துவாரிகா பிரசாத் ரஸ்தோகி. நாங்கள் லாலா என்று கூப்பிடுவோம்.

லாலாவுக்குக் கடைவீதியில் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்கு உறை விற்கிற கடை. மரக்கட்டையில் செதுக்கிய அச்சை வைத்துப் பூப்போட்ட உறைகள். குளிர்காலம் வந்தால் அவருக்குத் தும்மக்கூட நேரம் இருக்காது. கோடையில் ஈ ஓட்டுவார். தன் வாழ்நாளில் ஒரு வரி எழுதியவரில்லை. ஏன் என்று கேட்டால், "எல்லாரும் அடுப்பு மூட்டிட்டா பந்தியில உக்கார்றது யாரு மாஸ்டர்?" என்பார்.

கவியரங்கில் முன்வரிசையில் இடது ஓர நாற்காலி அவருடையது. கழுத்தில் மஃப்ளர், கன்னத்துக்குள் ஒரு வெற்றிலை. கவிஞன் முதல் வரியை ஒருமுறை படிப்பான், இன்னொரு முறையும் படிப்பான். சபையின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது வரியை இறக்குவான். அந்த இரண்டாவது வரி விழுகிற இடத்தில்தான் உயிர் இருக்கிறது. வரி சுமாராக இருந்தால் லாலா வெற்றிலையை மெல்லுவார். நன்றாக இருந்தால் மெல்லுவது நிற்கும். இன்னும் நன்றாக இருந்தால் தொண்டையிலிருந்து "வாஹ்" என்று வரும். சத்தமாகக்கூட இருக்காது, ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். என்றைக்காவது ஒருநாள், "மறுபடி படிங்க" என்பார். அதைக் கேட்டுவிட்ட கவிஞன் ஊருக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்லி அழுவான்.

எங்கள் ஊர் சபை பொல்லாதது. பிடிக்காவிட்டால் கத்திக் கூப்பாடு போட்டே ஆளை இறக்கிவிடும். அந்தச் சபை லாலாவின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை கமால்கஞ்சிலிருந்து ஒரு மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வந்தார். கிழிந்த கோட்டு. ஆரம்பிப்பதற்குள் பின்னாலிருந்து மாடு கத்துவதுபோல் கத்தினார்கள். அவர் கத்தலுக்கு நடுவிலேயே இரண்டாவது வரியை முணுமுணுத்தார். லாலா, "மறுபடி படிங்க" என்றார். கூச்சல் அப்படியே அடங்கியது. அந்தக் கம்பவுண்டர் அதற்கப்புறம் மைன்புரி, ஏட்டா என்று ஊர் ஊராகப் போய்ப் படித்தார்.

இப்படிப்பட்ட மனுஷன் பொய்யாக ஒரு வாஹ் சொல்லமாட்டார். முப்பது வருஷ சிநேகிதன் நான். எனக்கே ஒன்று கிடைத்ததில்லை. என் கவிதை வரும்போது அந்த வெற்றிலை அரைபடுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கோபம் வராமல் இருக்குமா? வரும். ஆனால் காரணம் தெரிந்தவன் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

காரணம் அவருடைய தம்பி பாங்கே. ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் உத்தியோகம், நல்ல பையன். ஒரு வருஷம் ராம்லீலா மைதானத்தில் அவனும் ஒரு பாட்டு படித்தான். சாதாரணப் பாட்டு. பின்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள். லாலா பாசத்தில் ஒரு வாஹ் போட்டு, "மறுபடி படி"யும் சொல்லிவிட்டார். சபை எழுந்து ஆர்ப்பரித்தது. பாங்கே அதை அப்படியே நம்பினான். வேலையை விட்டான், கான்பூர் போனான், அங்கிருந்து பம்பாய் போனான். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அம்மா அவனை எதிர்பார்த்தே கண்ணை மூடினாள். கங்கையில் சாம்பலைக் கரைத்துவிட்டுப் படியேறும்போது லாலா என்னிடம் சொன்னார்: "ஒரே ஒரு பொய் வாஹ் சொன்னேன் மாஸ்டர். அது என் தம்பியையே தின்னுடுச்சு." அன்றிலிருந்துதான் இந்தக் கண்டிப்பு.

அவருடைய மனைவி சியாதுலாரி, எங்களுக்கெல்லாம் அண்ணி. காய்ம்கஞ்ச் புகையிலை வியாபாரியின் மகள், எட்டாவது வரை படித்தவர். மாதம் ஒருமுறை லாலா வீட்டுக் கூடத்தில் நாங்கள் கூடிக் கவிதை படிப்போம். அண்ணிதான் தேநீரும் வதக்கிய பச்சைப் பட்டாணியும் கொண்டுவந்து வைப்பார். முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டபடி வருவார், போவார். வளையல் சத்தத்துக்கு மேல் அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பெண்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான்.

எங்கள் தெருவுக்கு முதல் டெலிவிஷன் வந்த வருஷம் அது. மாக மாதக் குளிரில் ஒருநாள் காலை நான் முகம்கூடக் கழுவவில்லை, லாலா வந்து கதவை இடித்தார். மஃப்ளர் ஒருபக்கம் தொங்குகிறது.

"மாஸ்டர், என் வீட்டுக்காரி பேரு செவுத்துல இருக்கு."

"எந்தச் செவுத்துல?"

"என் கடைக்கு எதிர்ச் செவுத்துல! நோட்டீஸ் ஒட்டியிருக்கான். வசந்த பஞ்சமி கவியரங்கம். ஏழாவது பேரு. ஸ்ரீமதி சியாதுலாரி ரஸ்தோகி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல விஷயம்தானே லாலா."

"உனக்கு நல்ல விஷயம். முன்வரிசையில உக்காரப்போறது நான்."

நடந்தது இவ்வளவுதான். எங்கள் கவியரங்கத்தை நடத்துகிறவர் ரகுநந்தன். பகலில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், மேடையில் 'பூசால்' என்று புனைபெயர். பூசால் என்றால் நிலநடுக்கம். அந்தப் பெயருக்கு நடுங்கியவர்கள் பாலிசி எடுத்தவர்கள் மட்டும்தான். அண்ணி கோயில் வாசலில் அவரைப் பிடித்து, "நானும் ஒண்ணு கட்டியிருக்கேன், படிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். லாலா வீட்டு அம்மாள் கேட்கும்போது பூசால் மறுப்பாரா? அதிலும் புருஷன் கீழே, பெண்டாட்டி மேலே என்றால் மேடையில் கேலி பேச எவ்வளவு தோதாக இருக்கும்!

அன்றிலிருந்து லாலாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் சிவப்பு உறை கேட்டவனுக்கு நீலத்தை மடித்துக் கொடுத்தார். கல்யாணச் சீருக்கு வந்தவர்களைச் சாயங்காலம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நான் போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு அதே பேச்சு.

"நல்லா இல்லாம இருந்தா நான் என்ன பண்றது? வாயைத் திறக்கலைன்னா சபை அவளைக் கிழிச்சுப் போட்டுடும். இந்த வயசுல, அத்தனை ஆம்பளைங்க முன்னாடி. திறந்தேன்னா பொய்யாகிடும். அப்புறம் அவளும் நம்பிடுவா. பாங்கே நம்புன மாதிரி."

"அண்ணி எங்கே பம்பாய்க்கா ஓடப்போறாங்க?"

"கிண்டல் பண்ணாத. நம்புறதுன்னா ஓடறது மட்டும்தானா? நாளைக்கு ஆக்ராவுல படிக்கிறேன்னு கிளம்புவா. அங்க இருக்கிறவன் என் பொய்யைத் தாங்குவானா?"

"முன்னாடியே ஒருதடவை படிக்கச் சொல்லிக் கேட்டுடுங்களேன்."

"கேக்காம இருப்பேனா? 'நீங்க யாரு கவிதையை மேடைக்கு முன்னாடி கேட்டிருக்கீங்க? எனக்கு மட்டும் எதுக்குத் தனிச் சட்டம்?'னு கேட்டுட்டா."

சட்டம் அவரே போட்டதுதான். கவிதையைத் தின்பண்டம் மாதிரி முன்னாலேயே ருசி பார்க்கக்கூடாது என்று எங்கள் எல்லோரையும் விரட்டியவர் அவர். அதனால் என்னை வேவு பார்க்க அனுப்பினார். நான் போனேன். அண்ணி எனக்குக் கிண்ணம் நிறையக் கேரட் அல்வா வைத்தார். "லாலா அனுப்பினாரா மாஸ்டர்?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். "அப்போ இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். வயிறு நிறைய, கை வெறுமையாகத் திரும்பினேன்.

லாலா தன் வீட்டிலேயே திருடன் மாதிரி அடுப்படிக் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்க ஆரம்பித்தார். அண்ணி பட்டாணி உரித்துக்கொண்டோ பருப்பைக் கிளறிக்கொண்டோ ஏதோ முணுமுணுப்பார். கரண்டியால் பாத்திர விளிம்பைத் தட்டித் தட்டித் தாளம் பார்ப்பார். வார்த்தை பிடிபடாது. ஒருநாள் லாலா கடைக்குக்கூடப் போகாமல் நேரே என்னிடம் ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"கேட்டுட்டேன் மாஸ்டர். கவிதையில பால் பொங்குது."

"பொங்கட்டுமே."

"பால் பொங்கி எந்தக் கவிதை தேறியிருக்கு, சொல்லு!"

அப்புறம் தப்பிக்க வழி தேடினார். வசந்த பஞ்சமியன்று ஷம்சாபாதில் துணி பார்க்கவேண்டிய வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிப் பார்த்தாராம். அண்ணி ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, "போய்ட்டு வாங்க. நான் படிக்கிறப்போ அந்த நாற்காலி காலியா இருந்தா ஊரு என்ன சொல்லும்னு நீங்களே யோசிச்சுக்குங்க" என்றிருக்கிறார். லாலா யோசித்துவிட்டு ஷம்சாபாதை விட்டுவிட்டார். கடைசியில் ஒருநாள் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வாஹ்னு சொல்லாம, வாஹ் மாதிரி ஒண்ணு சொல்ல முடியுமா? ஒரு இருமல், ஒரு கனைப்பு?" கனைத்தும் காட்டினார். எனக்குப் பாவமாக இருந்தது. ஊரில் உள்ள கவிஞர்களையெல்லாம் காத்திருக்க வைத்தவர், இப்போது எங்கள் வரிசையில் வந்து நின்று கனைத்துப் பழகுகிறார்.

வசந்த பஞ்சமியும் வந்தது. மொட்டை மாடிகளெல்லாம் பட்டம் விடுகிறவர்கள், வானமெல்லாம் பட்டம். தர்மசாலைக் கூடத்தில் சரஸ்வதி படத்துக்குக் கடுகுப் பூவும் சாமந்தியும் சாத்தியிருந்தார்கள். எல்லோரும் மஞ்சள் உடுத்தியிருந்தோம். தொன்னையில் பூந்தி வந்தது. லாலா தொடவில்லை. குளிர் இன்னும் விடவில்லை, ஆனால் அவருடைய பின்கழுத்தில் வியர்வை. நான் பக்கத்து நாற்காலி.

முதலில் பல் டாக்டர் படித்தார், அப்புறம் தபால்காரர், அப்புறம் மண்டிக்காரர். யாருக்கும் லாலாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வெற்றிலையைக்கூட மெல்லவில்லை. மனுஷன் கேட்டால்தானே! ஒவ்வொருவரும் அவரையே பார்த்துப் படித்து, வாடி, இறங்கிப்போனார்கள். நானும் படித்தேன். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பூசால் மைக்கைப் பிடித்தார். "இவ்வளவு நாளா ஊருக்கெல்லாம் வாஹ் அளந்து அளந்து போட்டவர் வீட்டுலேர்ந்து இன்னிக்கு ஒரு பாத்திரம் வருது. லாலா, இன்னிக்காவது கை தாராளமா இருக்கட்டும். ராத்திரி ரொட்டி உருட்டறது அவங்கதான்!" கூடம் சிரித்தது. லாலா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணி மேடையேறினார். மஞ்சள் புடவை, முந்தானை நெற்றி வரைக்கும். கையில் காகிதம் இல்லை. பாட்டாகப் பாடவில்லை. பால்காரனைக் கூப்பிடுகிற குரலிலேயே படித்தார். சபையைப் பார்க்கவும் இல்லை. நிறைந்த சபையில் புருஷன் முகத்தைப் பார்க்கிற வழக்கம் எங்கள் பெண்களுக்குக் கிடையாது. அவருடைய பார்வை சரஸ்வதி படத்தின் கீழே கிடந்த கடுகுப் பூவில் இருந்தது.

முதல்வரி கேட்டேன், முழுசாய்க் கேட்டேன்,
தட்டை நீட்டிய நேரத்தில்;
அடுத்த வரிக்குள் அடுப்படி போனேன்,
பால்பொங்கி வருமே ஓரத்தில்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கூடத்தில் நாங்கள் படித்த கவிதைகள். ஒவ்வொன்றிலும் முதல் வரி படிக்கும்போது தட்டோடு வந்தவர், இரண்டாவது வரிக்கு இருந்ததே இல்லை. நாங்கள் ஒருவரும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. அண்ணி அந்த வரிகளை மறுபடி ஒருமுறை சொல்லி நிறுத்தினார். சபை லாலாவின் பின்கழுத்துக்காகக் காத்திருந்தது.

ஒன்றும் வரவில்லை.

என்ன சொல்லி முடித்தார் என்று
எவரைக் கேட்டால் அதுதெரியும்?
கரண்டித் தாளம் போடப் போட
மிச்ச வரிகள் தாம்விரியும்.

பின்வரிசையில் ஒருவன் நாற்காலியை இழுத்தான். நான் பொறுக்கமாட்டாமல் "வாஹ்!" என்றேன். உரக்கத்தான் சொன்னேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என் வாஹ் யாருக்கு வேண்டும்? "லாலாவே வாயைத் திறக்கலை, மாஸ்டருக்கு என்ன வந்துச்சு?" என்று ஒரு குரல். நான் லாலாவின் தொடையைக் கிள்ளினேன். திரும்பிப் பார்த்தேன்.

அவர் வாய் திறந்துதான் இருந்தது. தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. பட்டாணி சிக்கிக்கொண்டவர் மாதிரி. வெற்றிலைச் சாறு உதட்டோரம் வழிகிறது, துடைக்கத் தெரியவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது. சத்தம் மட்டும் வரவில்லை. பின்னால் இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது அசையாத ஒரு பின்கழுத்து மட்டும்தான்.

போனான் ஒருவன், பாதிப் பாட்டைப்
படியில் வைத்துப் போய்விட்டான்.
நான்முடித்த வரியில் மட்டும்
வந்தான், அமர்ந்தான், சாப்பிட்டான்.

பாங்கே. லாலா மஃப்ளரை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டார். பின்னாலிருந்து பார்த்தவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? லாலா சலித்துப்போய் முகத்தை மூடிக்கொள்கிறார் என்றுதான். கூடம் தீர்மானித்துவிட்டது. பேச்சு எழுந்தது, பூந்தித் தொன்னை கை மாறியது. மாடியில் யாரோ பட்டத்தை அறுத்துவிட்டு "அறுந்துச்சு!" என்று கத்த, கூடம் முழுக்கச் சிரிப்பு. அண்ணி நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

கூடத்தில் எழும் 'வாஹ்' சத்தத்தைக்
கதவுக் கிப்பால் கேட்கிறேன்;
எந்த வரிக்கெனத் தெரியாமல் அதில்
எனக்கொரு பங்கும் சேர்க்கிறேன்.

கைகூப்பிவிட்டு இறங்கினார். பூசால் மைக்குக்குத் தாவினார்: "லாலா, இன்னிக்குச் சாப்பாடு கடைத்தெருவுலதான் போல. மணல்ல வறுத்த உருளைக்கிழங்கு நல்லா இருக்கும்!" கூடம் இடிந்துவிழுகிற மாதிரி சிரித்தது. லாலா எழுந்தார். ஏதோ சொல்லக் கை நீட்டினார். அதற்குள் அடுத்த கவிஞர் இருமிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். லாலா நின்றபடியே இருந்தார். "உக்காருங்க லாலா, மறைக்குது!" என்றார்கள். உட்கார்ந்தார்.

சந்து வழியாக மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். அண்ணி இரண்டடி முன்னால். அறுந்த பட்ட நூல் காலில் சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டு வாசலுக்கு வந்ததும் லாலாவுக்குத் தொண்டை திறந்துகொண்டது.

"வாஹ்" என்றார். அவர் குரல் மாதிரியே இல்லை. "வாஹ், சியாதுலாரி. மறுபடி படி. அந்தத் தம்பி வர்ற இடத்தை மறுபடி படி."

அண்ணி பூட்டைத் திறந்தார். "இங்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

"நீங்க அங்கயும்தான் இருந்தீங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய் விளக்கை ஏற்றினார்.

மறுநாள் காலையிலிருந்து லாலா ஊரெல்லாம் சுற்றினார். அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. பல் டாக்டரிடம் போனார், மண்டிக்குப் போனார், பூசால் வீட்டுக்குப் போனார். "அது உண்மையான கவிதை. நான் கேட்டதுலேயே பெரிசு. எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு, அவ்வளவுதான்." எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, உதட்டோரம் சிரித்தார்கள்.

"தெரியுது லாலா. வீட்டுல குடியிருக்கணும் இல்லையா?" என்றார் பூசால். "எங்களுக்கும் பெண்டாட்டி இருக்கா."

"நான் பொய் சொல்வேனா ரகுநந்தன்?"

"உங்க வாஹ் எங்க விழும்னு எங்களுக்குத் தெரியும் லாலா. அங்க விழலை. கடைவீதியில விழறதை எப்படிக் கணக்குல எடுத்துக்கறது?"

தம்பிக்குச் சொன்ன பொய்யை ஊரே நம்பியது. பெண்டாட்டிக்குச் சொன்ன நிஜத்தை ஒரு ஈ காக்கைகூட நம்பவில்லை.

அண்ணி சண்டை போடவில்லை. அதுதான் லாலாவை இன்னும் வாட்டியது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தேநீர். ஆனால் முணுமுணுப்பு நின்றுவிட்டது. லாலா மறுபடி அடுப்படிக் கதவோரம் நின்றார். முன்னே, என்ன வந்துவிடுமோ என்று பயந்து நின்றவர், இப்போது ஒன்றும் வராமலே போய்விடுமோ என்று நின்றார். "கரண்டி சும்மாக் கிளறுது மாஸ்டர். தட்டவே மாட்டேங்குது" என்பார். "தம்பியைப் பேசிக் கெடுத்தேன். இவளைப் பேசாம கெடுத்துட்டேன். என்ன நாக்கு மாஸ்டர் இது?" அதெல்லாம் தெரிந்திருந்தால் நான் ஏன் சுமாரான கவிஞனாக இருக்கிறேன்?

ஹோலிக்கு மறுநாள் மதியம் வழக்கம்போல லாலா வீட்டுக் கூடத்தில் கூடினோம். எல்லோர் காதிலும் இன்னும் சாயம். தட்டில் குஜியா, ஹோலிக்குச் செய்கிற இனிப்புச் சோமாசி. ஆளுக்கு ஒன்று படித்தோம். அண்ணி தேநீர்த் தட்டோடு வந்தார். லாலா எழுந்து நின்று, எங்கள் அத்தனை பேர் முன்னாலும் கையைக் கூப்பினார்.

"இன்னிக்கு நீ ஒண்ணு படி. உக்காந்து படி."

அண்ணி உட்காரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றார். எங்களை ஒரு பார்வை பார்த்தார். முதல்முறையாக முந்தானை நெற்றிக்கு மேலேயே இருந்தது. அப்புறம் அதே பால்காரக் குரலில் சொன்னார்:

வண்ணம் எல்லாம் தெருவில் இருக்க,
வாசலில் நின்றவள் கேட்டாள்...

"வாஹ்! வாஹ்!" என்று கூடமே முழங்கியது. பூசால் தொடையைத் தட்டினார், பல் டாக்டர் "அடடா அடடா" என்று தலையை ஆட்டினார். வீட்டுக்காரரின் குஜியாவைத் தின்றுகொண்டு அவர்கள் வேறென்ன செய்வார்கள்? என்ன கேட்டாள் என்றே இன்னும் சொல்லவில்லை, அதற்குள் இத்தனை வாஹ். லாலா மட்டும் வாயைத் திறக்கவில்லை. முன்னால் குனிந்து, மூச்சுவிடாமல் காத்திருந்தார்.

அண்ணி சிரித்தார். மேற்கொண்டு படிக்கவில்லை. காலித் தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார்.

லாலா நிமிர்ந்து கேட்டார்: "ரெண்டாவது வரி?"

"கேக்கணும்னா உள்ள வாங்க" என்றார் அண்ணி, போகிற போக்கில்.

பூசால் ஏதோ கேலிக்கு வாயெடுத்தார். நான் ஒரு குஜியாவை எடுத்து அந்த வாயில் திணித்தேன். லாலா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நடுக்கவிதையில் சபையை விட்டு எழுந்து போனதே இல்லாத மனுஷன், எங்கள் கால்களைத் தாண்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். வாசல் திரை அவர் பின்னால் விழுந்தது. பல் டாக்டர் அடுத்த கவிதையை ஆரம்பித்தார், யாரும் கேட்கவில்லை. உள்ளே அண்ணியின் குரல் தாழ்வாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அப்புறம் லாலாவின் குரல், தொண்டையிலிருந்து, பழைய குரல்: "வாஹ்." கொஞ்சம் பொறுத்து, "மறுபடி படி."

எந்த வரிக்கு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.